பிக்கப் டிரக்கில் பெட்ரோல் வாடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பனி கரையும், கூடவே வண்டியின் அடிப்பாகமும் கரையும். என்னிடம் இருப்பது அப்படி இருபது குளிர்காலம் பார்த்த ஒரு பெட்ரோல் பிக்கப். அதில் மூன்று தடவை பெட்ரோல் வாடை வந்தது, மூன்று தடவையும் வேறு வேறு இடத்திலிருந்து. முதல் தடவை யோசிக்காமல் பாகத்தை மாற்றித் தண்டம் அழுதேன். அடுத்த இரண்டு தடவை முதலில் மோப்பம் பிடித்தேன், அப்புறம்தான் பர்ஸை எடுத்தேன். வீடு மாற்ற, தோட்டத்துக்கு மண் ஏற்ற என்று பழைய பிக்கப் வாங்கிய நம் ஆட்கள் பலர் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இங்கே பெட்ரோலுக்கு 'கேஸ்' என்று பெயர். ஒருநாள் அம்மாவிடம் போனில் "வண்டியில கேஸ் லீக் ஆகுதும்மா" என்று சொல்லிவிட்டேன். "சிலிண்டரை எதுக்குடா வண்டியில ஏத்தினே?" என்று பதறிவிட்டார். ஆகவே இங்கே எல்லாமே பெட்ரோல்தான்.

வாடை வருகிறது. வண்டியை ஓட்டலாமா?

கீழே குனிந்து பாருங்கள். ஈரம், சொட்டு, தரையில் புதுக் கறை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சாவியைத் தொடாதீர்கள். 'கடை இரண்டு மைல்தானே' என்ற கணக்கெல்லாம் வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் குழாய் பெட்ரோல் லைனிலிருந்து ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை.

ஈரம் எங்கும் இல்லை, மூக்குக்கு மட்டும் லேசாகத் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அது ஆவி. கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ஆனால் வண்டியைக் கராஜுக்குள் விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே போகாது, தரையோடு தரையாகத் தவழும். இங்கே நிறைய வீடுகளில் கராஜின் மூலையில்தான் எரிவாயு வாட்டர் ஹீட்டர் நிற்கிறது, அதன் அடியில் சின்னதாக ஒரு சுடர். 'வெளியே உறைபனி, ஒன்றும் ஆகாது' என்பதும் செல்லாது. மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலும் தீப்பிடிக்கிற அளவுக்குப் பெட்ரோல் ஆவியாகும்.

கராஜ் ஏற்கெனவே வாடையில் நிறைந்திருந்தால் கதவின் மோட்டார் பட்டனை அழுத்தாதீர்கள். மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் தூக்குங்கள். விளக்கு ஸ்விட்ச் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று பாருங்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் ஃபேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து ஒரு வாரம் எழுதச் சொன்னார். வாடை வந்த நேரம், டேங்க் எவ்வளவு இருந்தது, என்ஜின் சூடா குளிரா, ஹீட்டர் ஓடியதா, பின்கண்ணாடி திறந்திருந்ததா என்று எல்லாமே. ஐந்தாம் நாளே விஷயம் புரிந்துவிட்டது. டேங்க் முக்காலுக்கு மேல் இருந்த நாட்களில் மட்டும் வாடை. அரை டேங்குக்குக் கீழே இறங்கியதும் மருந்துக்குக்கூட இல்லை. அப்படியென்றால் ஓட்டை டேங்கின் மேல்பக்கம். என்ஜின் பக்கம் போகவே வேண்டாம். இது தெரியாமல்தான் முதல் தடவை என்ஜினில் போய்க் கையை வைத்திருந்தேன்.

மற்ற நேரங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ராத்திரி நின்று காலையில் குளிரோடு ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தால் என்ஜின் மேலே, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் பக்கம். ஹீட்டரோ ஏசியோ போட்டதும் உள்ளே அடித்தால் அதுவும் பானெட்டுக்குக் கீழேதான், ஏனென்றால் கேபினுக்குப் போகும் காற்று கண்ணாடியின் அடியிலிருந்துதான் உறிஞ்சப்படுகிறது. வெயிலில் நின்ற பிறகு பின்சக்கரத்தருகே வந்தால் டேங்க், டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டர், அதன் ஹோஸ்கள். ஓடும்போது எப்போதும் ஒரே மாதிரி வந்தால் அழுத்தத்தில் இருக்கும் லைன் எங்கோ பிழிகிறது என்று சந்தேகப்படுங்கள். இதுதான் மோசமான வகை.

மூக்கை ரொம்பவும் நம்பாதீர்கள். ஐந்து நிமிடத்தில் அதற்கு வாடை பழகிவிடும். வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து மறுபடி முகருங்கள், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். என் வீட்டில் என் மனைவி சொல்லும் இடம்தான் சரியாக இருக்கும், நான் சொல்வது ஒரு அடி தள்ளிப்போகும்.

கண்ணால் பார்ப்பதற்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள், கண்டிப்பாக வெளியேதான். சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று பேனாவால் குறித்துவிடுங்கள். பெட்ரோல் காலைக்குள் காய்ந்துவிடும், ஆனால் அட்டையில் வளையம் மாதிரி ஒரு கறையை விட்டுப்போகும். இன்னொரு அடையாளமும் உண்டு. அடிப்பக்கம் முழுக்கச் சேறும் எண்ணெயும் அப்பிக் கிடக்கும்போது ஒரு இடம் மட்டும் அலம்பிவிட்டது போல் சுத்தமாக இருந்தால், அங்கே பெட்ரோல் ஓடுகிறது. அது சேசிஸ் சட்டத்தின் வழியாக ஓடி வந்து வேறு இடத்தில் சொட்டும், அதனால் சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடிக்கொண்டு போங்கள்.

டேங்க் ஃபுல் பண்ணின அன்று மட்டும் வாடை. என்னவாக இருக்கும்?

மூன்று சந்தேகங்கள். முதலாவது, பெட்ரோல் ஊற்றும் குழாய். பிக்கப்பில் இந்தக் குழாய் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மேலே, சக்கரம் வாரி அடிக்கும் சேறு நேராகப் படும் இடத்தில் போகிறது. உப்பும் மண்ணும் சேர்ந்து அங்கே கட்டியாகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் வண்டியில் வெளியிலிருந்து பார்த்தால் வெறும் துருதான். கம்பித் தூரிகையால் இரண்டு இழு இழுத்ததும் இட்லித்தட்டு மாதிரி வரிசையாக ஓட்டைகள். ஊற்றும்போது வழிந்து, மீதி நேரம் ஆவி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எபாக்சி பூசி ஒப்பேற்ற நினைக்காதீர்கள், ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. குழாயை மொத்தமாக மாற்றுங்கள். டேங்கோடு சேர்க்கும் ரப்பர் ஹோஸ் இரண்டையும், பெரியதும் காற்று போகும் சின்னதும், அப்போதே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, டேங்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பம்ப் அசெம்பிளி. அதை அடைக்கும் ஓரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கினாலும், பூட்டும் வளையம் துருப்பிடித்துத் தளர்ந்தாலும், ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் மூக்கு விரிசல் விட்டாலும் இதே கதைதான். இதை மாற்றுவது தனி வேலை, கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, நாமே செய்துகொள்வது. பங்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி 'டக்' என்று நின்ற பிறகும், ரவுண்டாக ஒரு தொகை வரட்டும் என்று இன்னும் இரண்டு மூன்று தடவை அழுத்துகிறோம் இல்லையா? அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவிக்காக வைத்திருக்கும் குழாய்க்குள் போய்க் கரி கேனிஸ்டரை நனைத்துவிடும். கேனிஸ்டர் ஆவியைப் பிடிப்பதற்குத்தான், திரவத்துக்கு இல்லை. ஒருமுறை நன்றாக ஊறிவிட்டால் அது தேறுவது கஷ்டம், புதிதுதான் வாங்க வேண்டும். முதல் 'டக்'கோடு நிறுத்திவிடுங்கள்.

டேங்க் மூடியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், மலிவு. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, அது உட்காரும் உதடு துருவோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உதடு துருவாக இருந்தால் புது மூடியும் ஒழுங்காக உட்காராது. நடுத்தெருவில் விற்கும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' வகையை வாங்காமல் உங்கள் மாடலுக்கானதை வாங்குங்கள்.

செக் என்ஜின் விளக்கும் எரிகிறது. தொடர்பு இருக்கிறதா?

இருக்க வாய்ப்பு அதிகம், அது உங்கள் நல்ல நேரமும்கூட. 1996-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். வண்டியின் கணினி பதிந்து வைத்த பிழை எண்ணை அதில் ஒரு சாதாரண ஸ்கேனரை மாட்டிப் படியுங்கள்.

டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியை வெளியே விடக்கூடாது என்று கலிஃபோர்னியா 1970 மாடல்களிலிருந்தே விதி போட்டது, மறுவருடம் நாடு முழுக்க வந்தது. ஆவி ஒரு கரி கேனிஸ்டரில் போய்த் தங்கும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அதை என்ஜினுக்குள் இழுத்து எரித்துவிடும். இதில் எங்கே ஓட்டை என்றாலும் கணினி கண்டுபிடித்துக் கத்தும். பி0455 என்றால் பெரிய ஓட்டை, பி0442 என்றால் சின்னது, பி0456 என்றால் மிகச் சின்னது. அரை மில்லிமீட்டர் துளையைக்கூட இது பிடிக்கும். பி0457 வந்தால் மூடியைச் சரியாகத் திருகவில்லை. 'கட கட' என்று சத்தம் வரும்வரை திருகிவிட்டு சில நாள் ஓட்டுங்கள், விளக்கு தானாக அணையும். உடனே அணையவில்லை என்று பதற வேண்டாம், முழு டேங்கிலும் காலி டேங்கிலும் கணினி இந்தச் சோதனையை ஓட்டாது.

பெட்ரோல் போட்டு முடித்ததும் வண்டி இருமி இருமி ஸ்டார்ட் ஆகிறதா? பர்ஜ் வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதன் டேங்க் பக்க ஹோஸைக் கழற்றி, என்ஜின் ஐடிலில் ஓடும்போது, பிளக்கையும் பிடுங்கிவிட்டு விரலை வைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோது அது இழுக்கக்கூடாது. இழுத்தால் வால்வு போச்சு. இரண்டு போல்ட், ஒரு பிளக், பத்து நிமிட வேலை.

சின்ன ஓட்டையை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது. மெக்கானிக்கிடம் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விட்டால் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊதுபத்தி மாதிரி நூலாகக் கிளம்பும். வீட்டு கம்ப்ரெசரை வைத்து இதை முயற்சி பண்ண வேண்டாம். டேங்க் அந்த அழுத்தத்துக்குச் செய்தது இல்லை, பெட்ரோல் ஆவியோடு காற்றைக் கலந்து அடைப்பதும் நல்ல யோசனை இல்லை.

குளிர்ந்த காலையில் மட்டும் வாடை, பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

வேண்டாம். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று சாதாரணம்: குளிரில் என்ஜின் வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் எடுக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இன்னும் சூடாகியிருக்காது, அதனால் சைலன்சர் பக்கம் வாடை இருக்கும். பின்னால் மட்டும், ஓரிரு நிமிடம் மட்டும் வந்தால் அவ்வளவுதான்.

பானெட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்தால் அது வேறு. இன்ஜெக்டரின் ரப்பர் ஓரிங்குகள் வயதாகி இறுகிப்போயிருக்கும். குளிரில் சுருங்கிக் கசியும், என்ஜின் சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மெக்கானிக் பதினொரு மணிக்குப் பார்க்கும்போது எதுவும் தெரிவதில்லை. வண்டியை ராத்திரியே கடையில் விட்டு, காலையில் அவர்களையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஓரிங்குகளை மொத்தமாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம், ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்து ஆள் ஆரம்பிப்பான்.

பழைய வண்டியில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலில் வாக்குவம் ட்யூபோடு ஒரு பிரஷர் ரெகுலேட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். ட்யூபைப் பிடுங்கி முகருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாடையோ இருக்கவே கூடாது. இருந்தால் உள்ளேயுள்ள சவ்வு கிழிந்துவிட்டது. 1996-இல் வந்த செவ்ரோலே வோர்டெக் 5.7 லிட்டர் என்ஜினில் இன்னொரு சிக்கல். அதில் சிலந்தி மாதிரிக் கால்களோடு இருக்கும் இன்ஜெக்டர் தொகுதியும் ரெகுலேட்டரும் என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளேயே இருக்கின்றன. கசிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஸ்டார்ட் பண்ணக் கஷ்டப்படும், கரும்புகை வரும், பெட்ரோல் செலவு கூடும். வெளியே தேடித் தேடி அலுத்துப்போவோம்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயிலில் பெட்ரோல் வாடை. அது எப்படி?

மேலே சொன்ன கசியும் இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ சிலிண்டருக்குள் ஊற்றி, அது கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் என்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்பின் சவ்வு கிழிந்தாலும் இதுதான் நடக்கும். ஆயில் அளவு ஏறியிருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் ஓட்டாதீர்கள், நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. முதலில் கசிவைச் சரிசெய்து, அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வரிசையை மாற்றினால் புது ஆயிலும் பாழ்.

அடியில் இரும்பு லைன் துருப்பிடித்துக் கசிகிறது. அந்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் ஹோஸ் போட்டு கிளாம்ப் அடிக்கலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், பலர் செய்து முடித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

முதலில் அழுத்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் லைனில் இருப்பது 4 முதல் 7 பிஎஸ்ஐ. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பல பிக்கப்களுக்கு 55, 60 பிஎஸ்ஐ, அதாவது கார் டயரில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் ரெயில் பக்கம் 2000 பிஎஸ்ஐயையும் தாண்டும், அந்தப் பக்கம் வீட்டில் கையே வைக்கக் கூடாது. இந்த அழுத்தத்தில் வெட்டின வழுவழுப்பான குழாய் மேல் ஹோஸைச் செருகி, பல் கிளாம்பால் இறுக்கினால் ஒருநாள் அது கழன்றுவிடும். கழன்றால் கசியாது, பீச்சும்.

ஹோஸிலும் ரகம் உண்டு. மேலே அச்சடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 30ஆர்7 கார்புரேட்டருக்கு. இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9. டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க வேண்டியதென்றால் 30ஆர்10 மட்டுமே, ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் உள்பக்கம்தான் பெட்ரோல் தாங்கும், வெளித்தோல் ஊறிக் கரைந்துவிடும். இங்கே பங்கில் வருவது பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழங்காலத்து ரப்பர் அதில் சீக்கிரம் சோர்ந்துபோகும். 1980-களின் வண்டியில் இன்னும் பழைய ஹோஸ் இருந்தால் விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரியும்.

சரியான வழி, டேங்கிலிருந்து என்ஜின் வரை லைனை முழுசாக மாற்றுவது. உங்கள் மாடலுக்கு ஏற்கெனவே வளைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது நைலான் செட் கிடைக்கிறது. காசு கூடத்தான், ஆனால் ஒரு இடத்தில் துரு தின்றிருந்தால் அடுத்த இரண்டு அடியும் அதே நிலைமையில்தான் இருக்கும். லைனைச் சட்டத்தோடு பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைத் திறந்து பாருங்கள், உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். பக்கத்திலேயே பிரேக் லைனும் அதே வயதில் ஓடுகிறது, அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பம்ப் மாற்ற டேங்கை இறக்குவதா, பின்தொட்டியைத் தூக்குவதா?

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. சாமான் ஏற்றும் பின்தொட்டி, இங்கே 'பெட்' என்பார்கள், சேசிஸோடு ஆறு அல்லது எட்டு போல்ட்டில்தான் நிற்கிறது. 26 கேலன் டேங்க் என்றால் 98 லிட்டர். நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே எழுபது கிலோவுக்கு மேல். அதைப் படுத்துக்கொண்டு, மேலே பார்த்து, முகத்தில் துரு கொட்ட இறக்குவதைவிடத் தொட்டியைத் தூக்குவது எவ்வளவோ மேல். என் ஓட்டு அதற்குத்தான்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு சனிக்கிழமை செய்தோம். முந்தின நாளே போல்ட்டுகளில் துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டேன், அப்படியும் ஒன்று முறிந்தது. பின்விளக்கு ஒயர், பெட்ரோல் ஊற்றும் குழாயைத் தொட்டியோடு பிடிக்கும் மூன்று ஸ்க்ரூ, அதன் பக்கத்தில் இருக்கும் எர்த் ஒயர், மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். எர்த் ஒயரை மறந்துவிட்டோம். தொட்டி அரை அடி எழும்பியதும் 'டிங்' என்று இழுத்து நிறுத்தியது. அதை விடுவித்து, ஆளுக்கொரு மூலை பிடித்துப் பின்பக்கம் நகர்த்தி மரக்கட்டை மேல் வைத்தோம். கூலி, மத்தியானம் சிக்கன் பிரியாணி.

மேலே இருந்த மண் ஒரு விரல் கனம். திறக்கும் முன் அதை முழுக்க ஊதித் துடைத்தோம், இல்லையென்றால் அத்தனையும் டேங்குக்குள் விழும். பூட்டு வளையத்தைத் திருப்பப் பித்தளை உளியைத்தான் வைத்துத் தட்டினோம். இரும்பு உளியில் பொறி கிளம்பும், திறந்த டேங்குக்கு மேலே ஒரு பொறி போதும். வளையத்தைக் கழற்றியதும் விடை கையில் வந்துவிட்டது. ஓரிங் தட்டையாகி ரிப்பன் மாதிரி ஆகியிருந்தது, ஒரு பக்கம் வெடிப்பு. புது ஓரிங், புது வளையம், புது பம்ப். பம்ப் பழையதே ஓடியிருக்கும், ஆனால் மறுபடி ஐந்து பேரைக் கூட்டவும் பிரியாணி போடவும் தெம்பு இல்லை.

எந்த முறையானாலும் டேங்கைக் கால்பங்குக்குக் கீழே ஓட்டித் தீர்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

டேங்கைத் தாங்கும் பட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 2011-இல் ஃபோர்டு நிறுவனம் சுமார் 11 லட்சம் பிக்கப்களைத் திரும்ப அழைத்தது. பெரும்பகுதி 1997 முதல் 2003 வரையிலான எஃப்-150. டேங்கைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் உப்பில் துருப்பிடித்து அறுந்து, டேங்க் தொங்கித் தரையில் உரசக்கூடும் என்பதுதான் காரணம். சாலையில் உப்புப் போடும் மாநிலங்களின் வண்டிகள்தான் அதில் அடக்கம். இந்த வயது வண்டியைப் பழையதாக வாங்கினால் டீலரிடம் வின் என்ற 17 இலக்க வண்டி அடையாள எண்ணைச் சொல்லி, அந்த வேலை நடந்ததா என்று கேளுங்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் படுத்து ஒருமுறை பட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வாடை கேபினுக்குள் மட்டும். வெளியே ஒன்றும் இல்லை.

பின்னால் என்ன ஏற்றியிருக்கிறீர்கள்? புல்வெட்டும் மெஷின், பெட்ரோல் கேன், பனி தள்ளும் மெஷின் இவற்றில் ஒன்று இருந்தால் விசாரணையை அங்கே ஆரம்பியுங்கள். பின்கண்ணாடி நகரும் வகையென்றால், ஓடும்போது கேபினுக்குப் பின்னால் காற்று சுழன்று தொட்டியில் இருக்கும் வாடையை உள்ளே இழுத்துவரும். கண்ணாடியை மூடி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

கேன் என்றதும் ஒன்று. தொட்டியில் வைத்தபடியே கேனில் பெட்ரோல் பிடிக்காதீர்கள். தொட்டிக்குப் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் கேனில் சேர்ந்து, துப்பாக்கி அருகே வரும்போது பொறியாகப் பாயும். இதில் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் தனி எச்சரிக்கையே விட்டது. கேனைத் தரையில் இறக்கி வைத்து, துப்பாக்கியின் மூக்கு கேனைத் தொட்டபடி பிடியுங்கள்.

உள்ளே கார்ப்பெட்டில் சிந்திவிட்டதா? பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சமையல் சோடாவைத் தாராளமாகக் கொட்டி ஒரு ராத்திரி விட்டு, கையால் கூட்டி அள்ளுங்கள். பெட்ரோல் ஈரத்தில் வேக்குவம் கிளீனரை ஓட்ட வேண்டாம், அதன் மோட்டாரே தீப்பொறி.

பழைய கார்புரேட்டர் பிக்கப். நிறுத்தின பிறகு வாடை அடிக்கிறது.

ஓரளவுக்கு அது பிறவிக்குணம். நிறுத்தியதும் என்ஜின் சூடு மேலே ஏறி கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். அரைமணி நேரத்தில் அடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். கார்புரேட்டர் வெளியே நனைந்திருந்தால் மிதவையோ ஊசி வால்வோ போய்விட்டது.

நானே செய்யலாமா, கடைக்குப் போகவா?

மூடி, பர்ஜ் வால்வு, ஊற்றும் குழாய் வரை வீட்டில் செய்யலாம். அழுத்தமுள்ள லைனைத் தொடுவதென்றால் முதலில் பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு என்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும், மிச்ச அழுத்தம் இருக்கும். பழைய பல்பு விளக்கு வேண்டாம், கீழே விழுந்து உடைந்தால் சூடான இழைமேல் பெட்ரோல் பட்டுவிடும். எல்இடி விளக்கும், கைக்கெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பானும் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

கடைக்குப் போனால் 'பெட்ரோல் வாடை வருது' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டைக் கொடுங்கள். சீட்டு இல்லாமல் போன முதல் தடவை ஒரு கடையில் எனக்கு இன்ஜெக்டர் ஓரிங் செட் மாற்றினார்கள். வாடை அப்படியே இருந்தது. டேங்கின் மேலே இருந்த ஓட்டைக்கு அது என்ன செய்யும்?

எல்லாம் மாற்றியாகிவிட்டது, இன்னும் லேசாக வாடை வருகிறதே?

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பெட்ரோலில் ஊறிய மண்ணும் சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கும் அவ்வளவு சீக்கிரம் காயாது. அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் அலம்பி வெயிலில் நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, இரண்டு விநாடி பம்ப் 'ம்ம்' என்று ஓடியதும் அணையுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் லைன் முழு அழுத்தத்துக்கு வந்துவிடும். இப்போது புதிதாகப் போட்ட ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் சுற்றித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நான் பம்ப் மாற்றிய மறுநாள் ஒரு இடத்தில் காகிதம் நனைந்து வந்தது. குவிக்-கனெக்ட் இணைப்பு சரியாக உட்காரவில்லை. 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்தி, இழுத்துப் பார்த்து, மறுபடி துடைத்தேன். காய்ந்த காகிதம். ஃபுல் டேங்க் போட்டு வாசலிலேயே ஒரு வாரம் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் வண்டியைக் கராஜுக்குள் விட்டேன்.